அடையாறு வந்த மாண்டிசோரி அம்மையார்



இந்த மாதம் வாழ்க்கை வரலாறு எழுதும் முறை எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு. காந்தி, காமராசர், கலாம், அன்னை தெரசா எல்லாரையும் போன வருஷத்து அக்காங்களே எழுதி முடிச்சிட்டாங்க. அதனால நான் மரியா மாண்டிசோரி அம்மையாரை எடுத்துக்கிட்டேன். இந்தப் பேரை நீங்க எல்லாரும் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் தெருவுக்கு ஒரு போர்டு தொங்குது. அது ஒரு ஊர் பேருன்னு ஒரு கட்சி, ஸ்கூல் நடத்துற கம்பெனி பேருன்னு இன்னொரு கட்சி, எங்க வகுப்பிலேயே சண்டை நடந்தது. ரெண்டும் இல்லை. அது ஒரு டாக்டர் அம்மாவோட பேரு. படிப்பு வராது, மூளை வளராது என்று ஒதுக்கி வச்ச பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கவனிச்சவங்க. நம்ம அடையாறில் வருஷக்கணக்கில் வாழ்ந்தவங்க.

மரியா 1870 ஆகஸ்ட் 31-ம் தேதி இத்தாலி நாட்டில் கியாரவாலே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா அலெஸ்ஸாண்ட்ரோவுக்கு அரசாங்க உத்தியோகம். அம்மா ரெனில்டே நிறையப் புத்தகம் படிப்பவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. மரியாவுக்கு ஐந்து வயது ஆனபோது குடும்பம் ரோம் நகரத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தில் அங்கே பெண்பிள்ளைகள் படித்தால் டீச்சர் வேலைக்குத்தான் போவார்கள். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். மரியாவோ வேறு எந்த வேலை என்றாலும் சரி, டீச்சர் வேலை மட்டும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். (டீச்சர்கள் மன்னிக்கவும். பிற்பாடு என்ன ஆனார் என்று பாருங்கள்!) 13 வயதில் பையன்கள் படிக்கிற தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் இஞ்சினியர் ஆகணும்னு ஆசை. அப்புறம் டாக்டர் ஆகணும்னு மாறிடுச்சு. அப்பாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அம்மா மகள் பக்கம் நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் படிக்கிற வகுப்பு ஒன்று உண்டு. அதில் ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, மரியா மட்டும் தனியாக அந்த அறையில் இருந்து படித்தார். எனக்கு அதை நினைச்சாலே குளிருது. 1896-ல் டாக்டர் ஆனார். அப்போது இத்தாலியில் பெண் டாக்டர்களை விரல் விட்டு எண்ணிடலாம். நம்ம முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியது இதற்கு 16 வருஷம் கழித்து, 1912-ல்.

படிப்பு முடிந்ததும் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் வேலை. அதற்காக மனநல விடுதிகளுக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே பெரியவர்களோடு சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். பேச்சு சரியாக வராதவர்கள், சொன்னது புரியாதவர்கள், வலிப்பு உள்ளவர்கள் எல்லாம் ஒரே அறையில். விளையாட ஒரு சாமான் கிடையாது. இதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் கீழே விழுந்த ரொட்டித் துகளைப் பொறுக்குவார்களாம். பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அது அருவருப்பு, தீனிப்பண்டாரங்கள் என்று திட்டினாராம். மாண்டிசோரி உற்றுப் பார்த்தார். அவர்கள் அதைத் தின்னவில்லை. உருட்டினார்கள், தடவினார்கள், அடுக்கினார்கள். அந்த அறையில் கையால் தொட்டு விளையாட வேறு எதுவுமே இல்லை. வயிற்றுப் பசி இல்லை அது, கைக்குப் பசி.

இந்த இடத்தைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வச்சிட்டேன். ஒரே காட்சியை ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. ஒருத்தருக்குத் தீனிப்பண்டாரம் தெரிஞ்சது, இன்னொருத்தருக்குப் படிக்க ஆசைப்படுற பிள்ளை தெரிஞ்சது.

பிறகு அவர் பழைய புத்தகங்களைத் தேடினார். பிரான்ஸ் நாட்டில் 1800-ம் வருஷத்தை ஒட்டி, காட்டில் தனியாகத் திரிந்த ஒரு பையனைப் பிடித்து வந்தார்கள். இட்டார் என்ற டாக்டர் அவனுக்கு வருஷக்கணக்கில் பாடம் சொல்லிப் பார்த்தார். அவர் வழியில் வந்த செகேன் என்பவர், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குக் கையால் தொட்டுப் படிக்கிற பொருள்களைச் செய்தார். இந்த இரண்டு பேர் எழுதியதையும் மாண்டிசோரி முதலிலிருந்து கடைசி வரை தன் கையாலேயே இத்தாலி மொழியில் எழுதினார். செகேன் புத்தகம் மட்டுமே 600 பக்கம். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி யோசிக்கணும்னா கையால் எழுதணும் என்பது அவர் எண்ணம். (சுவர் இதழ் எழுதக் கை வலிக்குதுன்னு சொல்றவங்க கவனிக்கவும்.)

1900-ல் ரோமில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. ஆசிரியர்களுக்கும் அங்கே பயிற்சி. மாண்டிசோரியும், மோந்தேசானோ என்ற இன்னொரு டாக்டரும் பொறுப்பு. காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி ஏழு மணி வரை அவரே பிள்ளைகளோடு இருந்தார். மரத்தில் செய்த எழுத்துகளைத் தடவச் சொன்னார். கை பழகிய பிறகு எழுதச் சொன்னார். கடைசியில் அந்தப் பிள்ளைகள் சிலரைச் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளோடு பரீட்சைக்கு உட்கார வைத்தார். பாஸ் ஆனார்கள்!

ஊரே ஆச்சரியப்பட்டது. ஆனால் மாண்டிசோரிக்கு வந்தது வேற சந்தேகம். மூளை வளராதவர்கள் என்று ஒதுக்கிய பிள்ளைகளே இந்தப் பரீட்சையை எழுதிவிட்டார்கள் என்றால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் இன்னும் எவ்வளவோ மேலே போயிருக்கணுமே, அவர்களைக் கீழே பிடித்து வைத்திருப்பது எது என்று யோசித்தார்.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாகணும். அதே காலத்தில் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே என்று ஒருவர் இருந்தார். அப்போதெல்லாம் தலையின் சுற்றளவை அளந்து புத்தியைக் கண்டுபிடிக்கலாம் என்று விஞ்ஞானிகளே நம்பினார்கள். பினேயும் நாடாவை வைத்து அளந்து பார்த்தார். பெரிசா வித்தியாசம் ஒண்ணும் தெரியலை, விட்டுட்டார். மாண்டிசோரியும் பிள்ளைகளின் உயரம், எடை, தலை எல்லாம் அளந்து குறித்து வைத்தவர்தான்.

1904-ல் பிரான்ஸ் அரசாங்கம் ஒரு குழு போட்டது. பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க வழி சொல்லணும். அதற்காக பினேயும் சிமோன் என்ற டாக்டரும் 1905-ல் 30 சின்னச் சின்ன வேலைகள் உள்ள ஒரு சோதனையைச் செய்தார்கள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்ந்து பார்க்கிறதா குழந்தை? சாக்லெட்டையும் அதே அளவு மரத்துண்டையும் வைத்தால் எதை எடுக்கிறது? சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்கிறதா? இப்படி எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். இதுதான் இன்றைக்கு உலகம் முழுவதும் செய்யும் புத்திக்கூர்மைச் சோதனைகளுக்கெல்லாம் ஆரம்பம்.

பினே அதைச் செய்தது உதவி பண்ணுவதற்கு. வந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவதை அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1911-ல் இறந்துவிட்டார். அடுத்த வருஷமே ஜெர்மனியில் ஸ்டெர்ன் என்பவர் மன வயதை உண்மை வயதால் வகுத்தார். 1916-ல் அமெரிக்காவில் டெர்மன் என்பவர் அதை 100-ஆல் பெருக்கிப் பரப்பினார். பத்து வயசுப் பையன் எட்டு வயசுக்கு உரியதைத்தான் செய்கிறான் என்றால் 8-ஐ 10-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கி, 80. இதுக்குப் பேர்தான் நுண்ணறிவு ஈவு. கணக்கு சரிதான். ஆனா அந்த 80-ஐ வச்சு நாட்டுக்குள்ள யாரை விடலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம்னு அமெரிக்காவில் வாதாடற அளவுக்குப் போயிட்டாங்க. தராசு செஞ்சவர் ஒருத்தர், அதைக் கையில் எடுத்தவங்க வேற.

நம்ம நாட்டிலும் இந்தச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது என்று சிலர் உழைத்தார்கள். லாகூரில் ரைஸ் என்பவர் 1929-ல் இந்துஸ்தானியில் செய்தார். காமத் என்பவர் தார்வாரில் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். பினே-காமத் சோதனை என்ற பேரில் அது பல காலம் நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகளில் பயன்பட்டது.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தேடிப் படிச்சேன்னா, எங்க வீட்டு விஷயம். என் தம்பி நாலாம் வகுப்பு. பாட்டி கீரைக்கடையில் உட்கார்ந்தா மீதிச் சில்லறை ஒரு ரூபா தப்பாது. ஆனா புத்தகத்தைக் கையில் கொடுத்தா கெ-யும் கே-யும் ஒண்ணுதான் அவனுக்கு. கொக்கு என்று எழுத முதல்ல துணைக்கால், அப்புறம் கொம்பு என்று எங்கேயோ போயிடும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை இருக்கே, அதில் அவன் ரொம்ப நாளா அரும்புதான். அரும்புன்னா இன்னும் பூக்கலைன்னுதான் அர்த்தம். ஆனா ஒரு டியூஷனில் அதையே பட்டப்பேரா ஆக்கி, மக்கு அரும்புன்னு கூப்பிட்டாங்க. அன்னையிலேருந்து அவன் டியூஷன் போகலை. காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போதும் வயிறு வலிக்குதுன்னு படுத்துக்குவான்.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் அவனைப் பார்த்துட்டு, மதிப்பீட்டு முகாமுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க. அங்கே போனா பையனுக்கு மூளை சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க, அந்தப் பேப்பர் ஒட்டுன கறை மாதிரி போகாது, நாளைக்கு யார் இவனுக்கு வேலை கொடுப்பாங்கன்னு அழுதாங்க. அம்மா பயப்பட்டதில் தப்பே இல்லைன்னு இப்பவும் நான் சொல்வேன். அமெரிக்காவில் அப்படித்தானே நடந்தது! ஆனா பினே செஞ்சது அதுக்கில்லைன்னு நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்கினேன். ரொட்டித் துகள் கதையையும் சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசலை. மறுவாரம் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுட்டுக் கிளம்பினாங்க.

அங்கே முதல்ல கண்ணு, காது ரெண்டையும் பார்த்தாங்க. எழுத்து தெரியலையா, படிக்க வரலையான்னு முதல்லயே தெரியணுமாம். அப்புறம் கட்டையை அடுக்கச் சொன்னாங்க. எண்ணைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, பின்னாலிருந்தும் சொல்லச் சொன்னாங்க. படம் வரைய, கதை கேட்டுப் பதில் சொல்ல, அப்புறம்தான் வாசிக்க. தம்பிக்கு விளையாட்டு மாதிரி இருந்ததாம். முடிஞ்சதும் அம்மா கேட்ட முதல் கேள்வி எத்தனை மார்க்குன்னு. இதில் பாஸ் ஃபெயில் கிடையாதும்மான்னு சொல்லிட்டு, அவனுக்குப் புத்தி வயசுக்குத் தகுந்த மாதிரி நல்லாவே இருக்கு, எழுத்தையும் ஒலியையும் சேர்க்கிற இடத்தில்தான் சிக்கல்னாங்க. என்ன செய்யணும்னு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாங்க: முன் பெஞ்ச், கேள்வியை வாசித்துக் காட்டுவது, கூடுதல் நேரம், எழுத்தை விரலால் தடவிப் படிப்பது.

எல்லாருக்கும் தெரிய வேண்டிய ஒரு விஷயம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. முறையாகச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். நம்ம பக்கத்திலேயே முட்டுக்காட்டில், 2005-ல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. பல குறைபாடு உள்ள பிள்ளைகளை அங்கே மதிப்பீடு செய்கிறார்கள்.

சரி, ரோமுக்குத் திரும்பிப் போவோம். 1907 ஜனவரி 6. சான் லொரென்ஸோ என்ற ஏழைகள் பகுதி. அங்கே பழைய கட்டடங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அப்பா அம்மா வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கி, படிக்கட்டையெல்லாம் உடைத்தார்கள். அதற்குப் பயந்து கட்டடக்காரர்கள் ஒரு அறையைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சுவரைக் காப்பாத்தத்தான் ரூம் கொடுத்தாங்க, பிள்ளைங்களுக்காக இல்ல! அந்த அறைக்குக் குழந்தைகள் வீடு என்று பேர் வந்தது. ஐம்பது, அறுபது பிள்ளைகள்.

அங்கே அவர் வைத்த ஒரு பொருளைச் சொல்கிறேன். ஒரு நீளக் கட்டையில் பத்துக் குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு மரக் குமிழ். ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. பெரிய குழியில் சின்னக் குமிழைப் போட்டுவிட்டால் கடைசியில் ஒரு குமிழ் எங்கேயும் நுழையாமல் கையில் மிஞ்சும். தப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். குழந்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கும். சிவப்பு மை இல்லாத பரீட்சை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை தடவை செய்தது, எங்கே தடுமாறியது என்று பார்த்தால் போதும்.

பேர் சொல்லிக் கொடுப்பதற்கு செகேனிடமிருந்து எடுத்த மூன்று படி உண்டு. முதலில் இது சிவப்பு, இது நீலம் என்று காட்டுவது. இரண்டாவது, சிவப்பை எடுத்துக் கொடு என்று கேட்பது. மூன்றாவது, இது என்ன நிறம் என்று கேட்பது. இதில் குழந்தை தவறாகச் சொன்னால் திருத்தக் கூடாது, திட்டக் கூடாது. சிரித்துக்கொண்டே பொருளை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்கணும். ஏன்னா பிள்ளை இன்னும் தயாராகலைன்னு டீச்சருக்குத் தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதான் அந்தத் தப்புக்கு அர்த்தம்.

ஒரு நாள் டீச்சர் வர லேட். பொருள் வைத்த அலமாரி பூட்டாமல் கிடந்தது. பிள்ளைகள் தாங்களே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். டீச்சருக்குக் கோபம். மாண்டிசோரியோ எதை எடுக்கணும், எங்கே வைக்கணும் என்று அவர்களுக்கே தெரிகிறது என்று சொல்லி, கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வைக்கச் சொன்னார்.

எழுத்துக்கு மரத்தில் செய்ய இங்கே வசதி கிடைக்கவில்லை. அதனால் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார்கள். பிள்ளைகள் அதைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொன்னார்கள். ஒரு குளிர்கால நாளில் மாடியில் உட்கார்ந்திருந்தபோது, ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்பீஸைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். பாராட்டினார். அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். திடீரென்று தனக்கு எழுதத் தெரியும் என்று கத்திக்கொண்டே கை, புகைபோக்கி, கூரை என்ற வார்த்தைகளைத் தரையில் எழுதினான். யாரும் அவனை எழுது என்று சொல்லவில்லை. அவன் சத்தத்தைக் கேட்டு மற்ற பிள்ளைகளும் ஓடிவந்து சாக்பீஸ் கேட்டார்கள்.

இதற்குப் பிறகு அவர் புகழ் உலகம் முழுவதும் பரவியது. அதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லணும். அவருக்கு 1898-ல் மரியோ என்ற மகன் பிறந்தான். அப்பா அந்த மோந்தேசானோ டாக்டர். கல்யாணம் நடக்கவில்லை. ஊர் பேசும், வேலை போகும் என்று குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்க விட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு திறந்தவர் சொந்தப் பிள்ளையை எட்டி நின்றுதான் பார்த்தார். இதைப் படிச்சு எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை என்ன பேசியிருப்பாங்கன்னு யோசிச்சேன். கோபம் யார் மேல்னு தெரியலை. மரியோ சுமார் 15 வயதில் அம்மாவிடம் வந்து சேர்ந்தான். ஆனாலும் வெளியே மகன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இத்தாலியில் முசோலினி ஆட்சி முதலில் அவருக்கு உதவி செய்தது. அவரும் ஏற்றுக்கொண்டார். எனக்கு அது பிடிக்கலை. பிறகு பிள்ளைகளைப் பட்டாளம் மாதிரி வளர்க்கச் சொன்னபோது ஒத்துப்போகவில்லை. 1934-க்குப் பிறகு அங்கே அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார், அங்கே 1936-ல் சண்டை மூண்டது. நெதர்லாந்துக்குப் போனார்.

1931-ல் லண்டனில் நம்ம காந்தியடிகள் அவருடைய பயிற்சிக் கல்லூரிக்கு வந்து பேசினார். அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும், அவர் மனைவி ருக்மிணி தேவியும் இந்தியாவுக்கு அழைத்தார்கள். கலாக்ஷேத்ரா தொடங்கிய அதே ருக்மிணி தேவிதான். 1939 நவம்பரில் மாண்டிசோரியும் மரியோவும் விமானத்தில் சென்னை வந்து இறங்கினார்கள். அவருக்கு வயது 69. தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்து எட்டு வருஷம், கிறித்தவக் கல்லூரி இங்கே குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம் அது.

அடையாறு ஆலமரத்தை நம்மில் பல பேர் சுற்றுலா போய்ப் பார்த்திருக்கோம். அதன் நடு அடிமரம் 1989-ல் காற்றில் சாய்ந்துவிட்டது. மாண்டிசோரி பார்த்தபோது முழு மரமாக நின்றது. அந்தத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. இந்தியா முழுவதிலிருந்தும் சுமார் 300 பேர் வந்து படித்தார்கள். அம்மையார் இத்தாலி மொழியில் பேசுவார், மரியோ பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இங்கே நடப்பது வெள்ளைக்காரர் ஆட்சி. இத்தாலிக்காரர்கள் எல்லாரும் எதிரி ஆகிவிட்டார்கள். மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். வயசான அம்மா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. அந்த ஆகஸ்ட் 31-ம் தேதி அவருக்கு 70-வது பிறந்தநாள். அன்றைக்கு வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவர் மகனை விடுதலை செய்வதாக அதில் இருந்தது. மகன் என்ற வார்த்தையை உலகம் வெளிப்படையாகச் சொன்னது அப்போதுதான். 42 வயதில் மரியோவுக்கு அம்மா கிடைத்தார். நம்ம அடையாறில் நடந்தது இது!

1942-லிருந்து இரண்டு வருஷம் கொடைக்கானலில் இருந்தார். அங்கே வேறு வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடந்தது. பிறகு அகமதாபாத், கொழும்பு, கராச்சி என்று போய் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். போர் முடிந்து 1946-ல் ஐரோப்பா போனவர் அடுத்த வருஷமே அடையாறு திரும்பினார். பிறந்த குழந்தை தாய்மொழியை யாரும் பாடம் நடத்தாமலே எப்படி உள்ளே வாங்கிக்கொள்கிறது என்று அவர் பேசிய பேச்சுகள் 1949-ல் அடையாறிலேயே அச்சடித்துப் புத்தகமாக வந்தன. அந்த வருஷம் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. 1952 மே 6-ம் தேதி நெதர்லாந்தில், கடற்கரை ஊரான நூர்ட்விக்கில் இறந்தார். அவர் வேலையை மரியோ தொடர்ந்தார். யூரோ வருவதற்கு முன்னால் இத்தாலியின் 1000 லிரா நோட்டில் அவர் படம்தான் இருந்தது.

மாண்டிசோரி என்ற பேரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அதனால்தான் இத்தனை போர்டு. ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினது, இப்போ ஃபீஸ் கட்ட முடிஞ்சவங்க வாசலில் தொங்குது. ஆனா ஒரு ஆறுதல். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. கைக்கு எட்டும் அட்டை, பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, அவரவர் வேகத்தில் ஏறும் ஏணி. நம்ம பெரிய அக்கா அண்ணன்கள் அதில்தான் படிச்சாங்க. அந்தத் தாழ்வான கரும்பலகை நம்ம ஸ்கூலில் ஒண்ணாம் வகுப்பு அறையில் இன்னும் இருக்கு. போய்ப் பாருங்க, உங்க முட்டி உயரம்தான் இருக்கும்.

தம்பிக்காக நான் உப்புத்தாள் வாங்கி எழுத்து வெட்டி வச்சிருக்கேன். ஒரு தாளில் ஆறு எழுத்து வரும். கத்தரிக்கோல் முனை மழுங்கிடும், ஜாக்கிரதை. கெ, கே ரெண்டையும் கண்ணை மூடிக்கிட்டே இப்போ சரியா சொல்றான். கொ இன்னும் தகராறுதான். மீதி இருந்த துண்டில் ழ வெட்டி இந்தத் தாளுக்குக் கீழே, சின்ன வகுப்புப் பிள்ளைங்க கைக்கு எட்டற உயரத்தில் ஒட்டியிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு விரலால், எழுதுற திசையிலேயே தடவிப் பாருங்க. பிய்க்காதீங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி